ஒன்றுக்கு எவ்வளவு குறைச்சல்

காலேஜில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, அங்கே மதிக்கத் தக்கவர்கள் ஒருவரும் இல்லை என்று ஜூடித் முடிவு கட்டிவிட்டாள்.

அப்படி முடிவு கட்டும் தகுதி அவளுக்கு உண்டு என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். காக்ஸ் டவுன் ஞானசேகரனின் ஒரே மகள் அவள். பட்டாளம் தங்கிய தண்டுப் பக்கத்தில் ஒரு ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்தார் அவர். கான்வென்ட் பள்ளியில் ஜூடித்தின் வகுப்பில் மொத்தமே பதினோரு பெண்கள். கன்னியாஸ்திரீ கரும்பலகையில் கணக்கை எழுதி முடித்துத் திரும்புவதற்குள் ஜூடித் விடையைச் சொல்லிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது அப்பா தன் சிநேகிதர்களிடம், "எங்க ஜூடித்கிட்ட எந்தக் கணக்கு வேணாலும் கேளுங்க, பேப்பர் பென்சில் எதுவும் வேணாம்" என்பார். அவர்களும் கேட்பார்கள். விடை உடனே வரும். சரியா தப்பா என்று பார்க்கத் தெரியாத காரணத்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். அவர்களையும் ஜூடித் மதித்தது கிடையாது.

1938 ஜூனில் ஜூனியர் இண்டர்மீடியட்டில் சேர்ந்தபோது அவள் எதிர்பார்த்தது இந்த மாதிரி ஒரு கைதட்டலைத்தான்; கொஞ்சம் படித்தவர்களிடமிருந்து. கிடைத்தது ஒரு பெரிய கூடம். அதில் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும் பெஞ்சுகள், அவற்றில் நூற்று முப்பது பையன்கள். வேட்டிமேல் கோட்டு, கோட்டுக்கு மேல் குடுமி, சிலருக்குத் தொப்பி. எல்லோருக்கும் எண்ணெய் வாடை. பெண்கள் முன்கூட்டி வந்து உட்கார முடியாது. அவர்களுக்கென்று விட்ட சின்ன அறையில் காத்திருந்து, லெக்சரர் வரும்போது அவர் பின்னாலேயே வரிசையாக நுழைய வேண்டும். மணி அடித்ததும் அவர் பின்னாலேயே வெளியேற வேண்டும். நுழையும்போது மேல் பெஞ்சுக்காரர்கள் பூட்ஸ் காலாலும் வெறுங்காலாலும் பலகையில் தட்டித் தாளம் போடுவார்கள். வாத்து மேய்ப்பவன் பின்னால் போகும் வாத்துகளாகத் தாங்கள் தெரிவதை ஜூடித் அறிவாள். தாளம் போடும் அந்த முட்டாள்களைவிட, காது கேட்காதவர்போல் முன்னால் நடந்த லெக்சரர் தேசிகன்மேல்தான் அவளுக்கு அதிக எரிச்சல் வந்தது.

கணக்கு லெக்சரர் தேசிகன் பஞ்சகச்சம் கட்டி, மூடிய கழுத்துக் கோட்டுப் போட்டு, சரிகைத் தலைப்பாகையோடு வருவார். வந்ததும் நம்பர் நம்பராக அட்டெண்டன்ஸ் எடுப்பார். ஒருவனே நாலு குரலில் நாலு பேருக்குப் பதில் சொல்லுவான். அவர் நிமிர்ந்தே பார்க்கமாட்டார். பிறகு பலகைப் பக்கம் திரும்பினால், மணி அடிக்கும்வரை வகுப்புக்கு அவருடைய முதுகுதான். வலது கை எழுதிக்கொண்டே போகும், இடது கை பின்னாலேயே அழித்துக்கொண்டு வரும். நடுவில் அவர் உடம்பு. மூன்றையும் தாண்டி எதையாவது பார்த்துவிட்டவன் பாக்கியவான்.

முதல் நாள் அவர் சொன்ன வரவேற்பு இது: "இந்த வகுப்புலே பாதிப் பேர் அடுத்த வருஷம் இருக்க மாட்டேள். எந்தப் பாதின்னு எனக்கு இப்பவே தெரியும். அதனாலே யாரும் ரொம்பச் சிரமப்பட வேண்டாம்." இங்கிலீஷில்தான் சொன்னார். ஆனாலும் அந்த வாக்கியம் மயிலாப்பூர் வழியாக வந்த மாதிரி இருந்தது.

பெண்கள் பெஞ்சில் ஆரம்பத்தில் நாலு பேர். இரண்டு பேர் மாதம் முடிவதற்குள் தாவர சாஸ்திரத்துக்கு ஓடிவிட்டார்கள். மிஞ்சியது ஜூடித்தும் அனந்தலக்ஷ்மியும்.

மல்லேஸ்வரத்துப் பெண் அனந்தலக்ஷ்மி. தாலுகா அதிகாரியாக, அமல்தாராக, இருந்து ரிடையரானவரின் மகள். ஆள் தடிமன், நடை மெதுவு, பேச்சு அதைவிட மெதுவு. தேசிகன் எழுதுவதை எல்லாம், இருமினால் அதையும்கூட, எழுதிக்கொள்வாள் என்று ஜூடித் நினைத்தாள். அதைவிடப் பெரிய தொந்தரவு அவள் கேட்கும் கேள்விகள். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். பெண்கள் அறைக்கு வந்ததும், டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள்.

"ஜூடித், முடிவே இல்லாம கூட்டிண்டே போறதுன்னு சொன்னாரே. முடிவே இல்லேன்னா விடை எப்படி வரும்?"

"அதுக்குத்தான் சூத்திரம் இருக்கே. முதல் எண்ணை, ஒண்ணுலேருந்து விகிதத்தைக் கழிச்சு வகுக்கணும். ஒண்ணு, அரை, கால், அரைக்கால்னு போனா விகிதம் அரை, விடை ரெண்டு. அவ்வளவுதான்."

"அது தெரியறது. ஏன்னு கேட்டேன்."

ஏன்! ஜூடித்துக்குச் சிரிப்பு வந்தது. விடை தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி அது. அரிசி உப்புமாவை மென்றுகொண்டு ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பவளுக்குப் பரீட்சையில் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"சரி, அந்த விகிதம் ஒண்ணைவிடக் கம்மியா இருக்கணும்னு போட்டிருக்கே, அது ஏன்?"

ஜூடித் அதை யோசித்ததே கிடையாது. தெரியாது என்று சொல்லியும் பழக்கமில்லை. ஒரு நொடியில் ஒரு காரணத்தைச் செய்து கொடுத்தாள். "ஒண்ணுக்கு மேல போனா கீழே மைனஸ் வந்துடும். அப்புறம் விடையும் மைனஸ். கூட்டிக்கிட்டே போய் மைனஸ் வருமா? அதனாலதான்."

"ஓ!" என்றாள் அனந்தலக்ஷ்மி. நிம்மதியாக டப்பாவை மூடினாள்.

இரண்டு நாள் கழித்து தேசிகனுக்கு அபூர்வமாக வகுப்பைத் திரும்பிப் பார்க்கும் எண்ணம் வந்தது. பெண்கள் பெஞ்சைப் பார்த்து, "அந்த விகிதம் ஏன் ஒன்றுக்குக் குறைவாக இருக்க வேண்டும்? நீ சொல்லு," என்று அனந்தலக்ஷ்மியைச் சுட்டினார்.

அவள் மெதுவாக எழுந்து, மெதுவாக, ஜூடித் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள்.

தேசிகனின் முகத்தில் முதல்முதலாக ஒரு சந்தோஷம் தெரிந்தது. "மைனஸ் கூடாதா? சரி. விகிதம் மைனஸ் ரெண்டு என்று வைத்துக்கொள். ஒன்றிலிருந்து மைனஸ் ரெண்டைக் கழித்தால் மூன்று. பிளஸ்தானே? அப்போது சரியாகிவிடுமா?"

அனந்தலக்ஷ்மி நின்றபடியே விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"பரவாயில்லை, முதல் எண்ணையே மைனஸாக வைத்துக்கொள். மைனஸும் மைனஸும் பிளஸ். அப்போது எவ்வளவு பெரிய விகிதமும் போடலாமா? ஜென்டில்மென், இந்த அம்மாள் புதுக் கணித சாஸ்திரம் எழுதப் போகிறாள்."

பலகைகள் இடிந்து விழுகிற மாதிரி கால்கள் தட்டின. யாரோ ஒருவன் பூனை மாதிரி கத்தினான். சத்தம் ஓயும்வரை தேசிகன் காத்திருந்தார். அதை அனுபவித்தார் என்றுகூடச் சொல்லலாம். பிறகு "உட்கார். பாடத்தைப் படித்துவிட்டு வா" என்று சொல்லிப் பலகைப் பக்கம் திரும்பிவிட்டார். சரியான காரணம் என்ன என்று அவரும் சொல்லவில்லை.

அனந்தலக்ஷ்மி உட்கார்ந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. தனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது பக்கத்தில் இருப்பவள் என்று சொல்லவில்லை. பக்கத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜூடித்துக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே இந்த மந்தத்துக்கு என்று நினைத்தாள். அன்று டிபன் வேளையில் அனந்தலக்ஷ்மி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அந்த அமைதியும் ஜூடித்துக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தது முதல் டெர்ம் பரீட்சை. ஜூடித் பாதி நேரத்தில் எழுதி முடித்து, மீதி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா விடையும் சரி. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பேப்பர்களைத் திருப்பிக் கொடுப்பது தேசிகனுக்குத் திருவிழா. ஒவ்வொன்றாக எடுத்து, நம்பரைக் கூப்பிட்டு, மார்க்கைச் சொல்லி, கூடவே ஒரு வார்த்தையும் சொல்லுவார். "நம்பர் நாற்பது, ஒன்பது. இதை எண்ண ரெண்டு கை விரலே அதிகம்." "நம்பர் எழுபத்தொன்று, பதினான்கு. கையெழுத்து பிரமாதம். தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாகப் போ." அனந்தலக்ஷ்மிக்கு ஐம்பத்தெட்டு. அதற்கு அவரிடம் வார்த்தை இல்லை. பேப்பரைத் தள்ளினார், அவ்வளவுதான்.

ஜூடித்தின் பேப்பரைக் கொஞ்ச நேரம் உயரே தூக்கிப் பிடித்தார். "இருபத்திரண்டு. இந்த அம்மாள் நம்மைத் தந்தி ஆபீஸ் என்று நினைத்திருக்கிறாள். வார்த்தைக்கு வார்த்தை காசு போகும் என்று விடையை மட்டும் அனுப்பியிருக்கிறாள்."

கால்கள் தட்டின. ஜூடித் நேராகப் பார்த்தபடி போய்ப் பேப்பரை வாங்கினாள். ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரே கேள்விதான்: 'ஏன்?'

கூடத்தில் இருந்த எல்லோரையும் அவள் அந்த நிமிஷம் வெறுத்தாள். மேல் பெஞ்சில் ஒன்பது மார்க் வாங்கிவிட்டுத் தட்டுகிறவனை, ஐம்பத்தெட்டு வாங்கிவிட்டுத் தலை குனிந்திருப்பவளை, எல்லோரையும். மணி அடித்ததும் வாத்து வரிசையில் போகாமல் நேராக லெக்சரர்கள் அறைக்குப் போனாள்.

தேசிகன் தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு டவராவில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். தலைப்பாகை இல்லாத தலை எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"சார், என் விடை எல்லாம் சரி."

"சரிதான். யார் இல்லேன்னா?" அறைக்குள் அவர் தமிழில் பேசினார். "அதே விடை புஸ்தகத்தோட கடைசிப் பக்கத்துலே அச்சடிச்சே இருக்கு. அதுக்கு நீ எதுக்கு?"

பதில் தெரியாமல் நிற்பது அவளுக்குப் புதிது. கேட்டாள்: "அப்போ நீங்க சொல்லுங்க சார். விகிதம் ஏன் ஒண்ணைவிடக் குறைச்சலா இருக்கணும்?"

"வகுப்புலே எழுதிப் போட்டேனே."

"உங்க முதுகுதான் சார் தெரிஞ்சது."

காபி ஆற்றிய கை நின்றது. திட்டப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் அலுத்துக்கொண்டார். "நூத்து முப்பது பேர் இருக்கான். ஒவ்வொருத்தனுக்கா உக்காந்து சொல்லிண்டிருந்தா நான் ஆத்துக்குப் போக வேண்டாமா? பொம்மனாட்டிகள் ஹிஸ்டரி எடுத்துக்கலாமே. ஏன் இங்கே வந்து என் பிராணனை வாங்கறேள்?"

வெளியே வந்தபோது ஜூடித்துக்கு ஒரே கோபம். ஆனாலும் அவர் சொன்னதில் இருந்த ஒரு நியாயம் அவளைக் குத்தியது. அவள் எழுதிய விடை கடைசிப் பக்கத்தில் இருக்கிறதுதான். கோயில் வாசலில் இத்தனை வருஷம் கைதட்டு வாங்கியது கடைசிப் பக்கத்துக்கு.

பெண்கள் அறையில் அனந்தலக்ஷ்மி இருந்தாள். ஜூடித் போய் எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த மைனஸ் காரணம் நான் சும்மா சொன்னது," என்றாள்.

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"நின்னுண்டிருக்கச்சேயே தெரிஞ்சுடுத்து."

"பின்னே ஏன் என் பேரைச் சொல்லலே?"

அனந்தலக்ஷ்மி யோசித்தாள். "சொன்னா என்ன, உனக்கும் சேர்த்துத் தட்டுவான்கள். தட்டினது போறாதா?" பிறகு, "எனக்கு ஒண்ணும் உன்மேல அன்பு பொங்கலே. நீ பேசறது எனக்குக் கொஞ்சங்கூடப் பிடிக்கலே," என்றாள்.

அவளைப் பற்றி ஜூடித்துக்கு முதல்முறையாக ஒரு நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டது.

அறைக் கதவு பச்சைப் பெயிண்ட் அடித்த பழைய கதவு. தேசிகன் மேஜையிலிருந்து அனந்தலக்ஷ்மி எப்போதோ எடுத்து வந்திருந்த சாக்பீஸ் துண்டால் அதன்மேல் எழுத ஆரம்பித்தார்கள். ஜூடித் சூத்திரத்தை எழுதினாள். அனந்தலக்ஷ்மி அதைத் தொடவே இல்லை, ஒவ்வொன்றாகக் கூட்டினாள். ஒன்று. ஒன்றரை. ஒன்றே முக்கால். ஒன்றே முக்காலே அரைக்கால். அவளுக்கே உரிய வேகத்தில். ஜூடித் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டுக்கு எவ்வளவு குறையறதுன்னு பாரேன்," என்றாள் அனந்தலக்ஷ்மி. "முதல்லே ஒண்ணு குறைஞ்சுது. அப்புறம் அரை. அப்புறம் கால். குறைச்சல் பாதி பாதியாத் தேய்ஞ்சுண்டே போறது."

"விகிதத்தை ரெண்டுன்னு போடு," என்றாள் ஜூடித்.

ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. சூத்திரத்தில் போட்டால் விடை மைனஸ் ஒன்று. இரண்டு பேரும் சிரித்தார்கள். இத்தனை பெரிய எண்களைக் கூட்டி மைனஸ் ஒன்றாம்! சிரித்து முடித்ததும் அனந்தலக்ஷ்மி விடாமல் அதையும் கூட்டினாள். ஒன்று, மூன்று, ஏழு.

"மைனஸ் ஒண்ணுலேருந்து எவ்வளவு தூரம்? ரெண்டு. அப்புறம் நாலு. அப்புறம் எட்டு."

"தள்ளிப் போகுது!" ஜூடித் கத்திவிட்டாள். "கிட்டே வரவே இல்லை, ஓடிப் போகுது!" சாக்பீஸ் துண்டைப் பிடுங்கிக்கொண்டாள். எண்ணுக்குப் பதில் எழுத்துகளைப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் குறைச்சல் விகிதத்தால் பெருகுகிறது. மைனஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விகிதத்தின் அளவு ஒன்றுக்குக் கீழே இருந்தால் பெருக்கப் பெருக்கத் தேயும். மேலே இருந்தால் வளரும். தேய்ந்தால்தான் சூத்திரம். இத்தனை நாள் அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உதறிய மிச்சத்தில்தான் எல்லாமே இருந்தது. கதவு முழுவதும் எழுதி, தரைக்குக் குனிந்து கடைசி வரியை முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. விடையைச் சொல்லி ஒரு நாளும் அவளுக்கு மூச்சு வாங்கியதில்லை.

இந்த மந்தமான பெண் இல்லாவிட்டால் இது வந்திருக்காது என்பது மட்டும் உறுத்தியது. உறுத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து வந்த ஒரு நாள், தேசிகன் பலகையில் தசமப் புள்ளி வைத்து ஒன்பது ஒன்பதாக எழுதிக்கொண்டே போனார். சூத்திரத்தில் போட்டு, "ஆகவே இது ஒன்று," என்றார்.

மேல் பெஞ்சில் ஒருவன் எழுந்தான்: "ஒன்றுக்குக் கொஞ்சம் குறைச்சல், சார்!"

ஸ்ரீராம்புரத்திலிருந்து வருகிற நாணு அவன். தாளம் போடுவதில் முதல் ஆள். தேசிகன் திரும்பினார். "எவ்வளவு குறைச்சல்? உன் அறிவு அளவா?" கூடமே சிரித்தது. நாணுவும் சிரித்தான்; ஆனால் உட்காரவில்லை. அவன் கேட்டது வேடிக்கைக்கு இல்லை என்று ஜூடித்துக்குத் தெரிந்தது. தேசிகன் மறுபடி முதுகைக் காட்டிவிட்டார்.

ஜூடித் எழுந்து நின்றாள். எழுந்த பிறகுதான் தான் எழுந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. "சார், அவர் கேட்டதுக்குப் பதில் இருக்கு."

கால்கள் ஆரம்பித்தன. அவள் காத்திருந்தாள். அவ்வளவு பேரையும் ஒரே சமயத்தில் அலட்சியம் பண்ண ஒரு தனித் தெம்பு வேண்டும். அது அவளிடம் ஏராளமாக இருந்தது. சத்தம் கொஞ்சம் இறங்கியதும் சொன்னாள். ஒரு ஒன்பது எழுதினால் குறைச்சல் பத்தில் ஒன்று, இரண்டு எழுதினால் நூற்றில் ஒன்று...

"கேளிஸ்தில்ல!" என்று மேலேயிருந்து எவனோ கன்னடத்தில் கத்தினான். காதில் விழவில்லையாம்.

மறுபடி ஆரம்பித்தாள், உரக்க. மறுபடியும் "கேளிஸ்தில்ல!" இந்தத் தடவை அது கேலி இல்லை. அவள் பெஞ்சை விட்டு வெளியே வந்து, கூடத்தின் நடுவில் நின்று, அவர்களைப் பார்த்துத் திரும்பி, சந்தையில் கூவுகிற மாதிரி கூவினாள்: "குறைச்சல்னு நீங்க எந்த எண்ணைச் சொன்னாலும், எவ்வளவு சின்னதாச் சொன்னாலும், அதைவிடக் குறைச்சலாப் போற மாதிரி ஒன்பதை எழுதிக் காட்ட முடியும். அதனால குறைச்சல்னு எந்த எண்ணையும் சொல்ல முடியாது. சொல்ல முடிஞ்சா சொல்லுங்க!"

ஒருவரும் சொல்லவில்லை. கைதட்டலும் இல்லை. நூற்று முப்பது பேர் வாயைக் கொஞ்சம் திறந்தபடி இருந்தார்கள்; பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை, மீதிப் பேருக்குப் புரிந்த மாதிரி இருந்து நழுவிக்கொண்டிருந்தது.

"ஆயிற்றா?" என்றார் தேசிகன். "உட்கார். பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு." இடது கை ஒன்பதுகளை அழித்துக்கொண்டு போயிற்று.

மறுநாள் தாழ்வாரத்தில் நாணு வழியை மறித்துக்கொண்டு நின்றான். பெண்களிடம் பேசினால் பிரின்சிபால்வரை போகும். அதனால் சுவரைப் பார்த்துப் பேசினான்.

"ராத்திரி பூரா யோசிச்சேங்க. குறைச்சலைக் கண்டுபுடிச்சிட்டேன். புள்ளி வச்சி சைபர், சைபர், சைபர்னு முடிவே இல்லாம போட்டு, கடைசில ஒரு ஒண்ணு."

"முடிவே இல்லேன்னா கடைசி எங்கேயிருந்து வந்தது? அந்த ஒண்ணை எங்கே நிறுத்துவீங்க?"

சுவரில் விரலால் சைபர் சைபராகப் போட்டுக்கொண்டே போனான். "அட, ச்சே!" என்றான். "என்னங்க இது, அக்கிரமமா இருக்குது!" போகும்போது தலையைச் சொறிந்துகொண்டே போனான். மடையன் என்று ஜூடித் நினைத்தாள். ஆனாலும் அவன் அடுத்ததாக என்ன கொண்டு வருவான் என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. இரண்டு மூன்று கொண்டு வந்தான். எல்லாம் தப்பு. அவற்றில் ஒன்று ஏன் தப்பு என்று கண்டுபிடிக்க அவளும் அனந்தலக்ஷ்மியும் ஒரு வாரம் அந்தக் கதவில் எழுதி அழிக்க வேண்டியிருந்தது.

வருஷக் கடைசிப் பரீட்சையில் ஜூடித் முழு நேரமும் எழுதியும் கடைசிக் கணக்கு முடியவில்லை. நாற்பத்தொன்பது மார்க் வந்தது. அனந்தலக்ஷ்மிக்கு அறுபத்துமூன்று. நாணு பெயிலாகி, தேசிகன் முதல் நாள் சொன்ன அந்தப் பாதியில் போய்விட்டான்.

ரிசல்ட் வந்த ஞாயிற்றுக்கிழமை ஞானசேகரன் பூசை முடிந்ததும் யாரிடமும் நிற்காமல் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"ஆபீஸ்ல விசாரிச்சேம்மா. ஸீனியர் போகும்போது குரூப் மாத்திக்கலாமாம். ஹிஸ்டரி, லாஜிக்னு எடுத்தா நீ ஈஸியா ஃபர்ஸ்ட் வருவே. உனக்கென்ன, மூளை இல்லாமயா? அந்த வாத்தியார் சரியில்ல, அந்தக் கூட்டமும் சரியில்லன்னு நீயேதான சொல்லிக்கிட்டிருந்தே?"

"இப்பவும் அதான் சொல்றேன்."

"அப்புறம்?"

"மாத்த வேணாம்ப்பா."

"ஏன்?"

அவள் சட்டென்று பதில் சொல்லவில்லை. அப்படி அவள் யோசித்து அவர் பார்த்ததில்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

"மத்த எந்தப் பாடத்திலயும், ஏன்னு தெரியலைன்னு எனக்குக் கோபமே வரலப்பா," என்றாள் ஜூடித்.